எழுதுகோல் எடுக்குமுன்

1750ஆம் ஆண்டு மார்ச் மாதம் 20ஆம் நாள் இலண்டன் மாநகரிலே புதிய ஏடு ஒன்று வெளிவந்தது. அதன் பெயர் 'றாம்பிளர்'. ஊர்சுற்றி என்று தமிழிற் கூறலாம். செவ்வாயும் சனியுமாக வாரத்துக்கு இருமுறை வெளிவந்த அவ்வேட்டில் இதழுக்கு ஒரே கட்டுரை; விலை இரண்டு பென்னி. எழுதியவர் பெயர் அதிற் குறிக்கப்படவில்லை. அவர் சாமுவேல் ஜோன்சன். ஆங்கில மொழிக்குப் பேரகராதி ஒன்று தொகுக்கும் பணியில் அவர் அப்பொழுது ஈடுபட்டிருந்தார். அகராதிக்கென்று கிடைத்த பணம் அகராதி வேலைக்கே கரைந்துகொண்டிருந்தது. கட்டுரை ஒன்றுக்குக் கிடைத்த இரண்டு கினி அவருடைய வீட்டுக்கு வேண்டியிருந்தது.

இந்த வேலையைத் தொடங்கும்பொழுது அவர் ஒரு ஜெபத்தை எழுதி வைத்தார். அதிலே புகழ் வேண்டப்படவில்லை, சொல்வன்மை வேண்டப்படவில்லை, ஏடு நன்கு விற்பனையாக வேண்டும் என்ற விண்ணப்பமும் இல்லை. தேவனுடைய துணையில்லாத உழைப்புப் பயன் தராது என்று ஒப்புக்கொண்டு, இம்முயற்சியில் பரிசுத்த ஆவியானவர் தம்மைக் கைவிடாதிருக்க வேண்டும் என்றும், தமக்கும் பிறருக்கும் இரட்சிப்புண்டாக இவ்வெழுத்து உதவ வேண்டும் என்றும் அவர் கேட்டார்.

'பிறருக்கும்' என்ற சொல்லை நேயர்கள் சிறிது கவனித்தல் நன்று. வைத்தியன் தன் மருந்தை உண்பவனின் முகத்தைக் காண்கிறான். ஆசிரியனும் தன் மாணவனைக் காண்கிறான். எழுதுகிறவனோ தன் சொல் எந்த வீட்டிற் புகுகிறது, யாருடைய துயரத்தைத் தணிக்கிறது, யாருடைய மனத்தைக் கெடுக்கிறது என்பதொன்றையும் அறியான். அவன் கைக்கு எட்டாத அந்த இடத்தைத்தான் ஜோன்சன் ஜெபத்திலே ஒப்புவித்தார்.

எனினும், ஜெபித்துவிட்டமையால் எழுத்து எளிதாகிவிட்டதா என்றால், இல்லை. அக்கட்டுரைகளிற் பல கடைசி வேளையிலே அவசரமாக எழுதப்பட்டு, மறுமுறை படித்துப் பார்க்கப்படாமலே அச்சேறின. சோம்பல் அவருடைய பெருங்குறை. அதிகாலையில் எழுவேன், காலத்தை வீணாக்கேன் என்று ஆண்டுதோறும் உறுதி செய்வார். அடுத்த ஆண்டு அவ்வுறுதி தவறியதற்காக மன்னிப்புக் கேட்பார். ஆயினும் இரண்டு ஆண்டுகளில் 208 இதழ்கள் தவறாமல் வெளிவந்தன. அவற்றுள் நாலைந்து போக எஞ்சியவையெல்லாம் அவர் எழுதியவையே. ஜெபித்துவிட்டோமே என்று கைகட்டி இருப்பவர்களுக்கு ஜோன்சன் துணைவரமாட்டார்.

1753ஆம் ஆண்டு ஏப்ரல் மாதத்தில் அகராதியின் இரண்டாம் பாகத்தைத் தொடங்கியபொழுதும் ஒரு ஜெபம் எழுதினார். மத்தேயு சுவிசேஷத்தில் வரும் தாலந்து உவமை அவர் உள்ளத்தைப் பெரிதும் வருத்திய ஒன்று. தம்மிடம் ஒப்புவிக்கப்பட்ட தாலந்துக்குக் கடைசி நாளிலே கணக்குக் கொடுக்கும்பொழுது, தமக்கு மன்னிப்புக் கிடைக்கவேண்டும் என்பதே அதன் சாரம். பாராட்டையன்று, மன்னிப்பையே கேட்டார். 40,000க்கு மேற்பட்ட சொற்களைக் கொண்ட அந்த அகராதி 1755இல் வெளிவந்தது.

அவர் பிறருக்காக எழுதியதில் இன்னொரு வகையும் உண்டு. இளமையில் தம்மோடு படித்த ஜோன் ரெயிலர் என்னும் குருவானவருக்கும் வேறு சிலருக்கும் பிரசங்கங்கள் எழுதிக் கொடுத்தார். ஏறக்குறைய நாற்பது எழுதியதாக அவரே கணக்குக் கூறியதுண்டு. அதற்கும் கூலி பெற்றார். கூலி பெற்றபின் அவை வாங்கியவர்க்கே உரியவை என்று கருதி, தமது பெயரை அவற்றோடு இணைக்க முற்படவில்லை. பக்தியும் பணமும் ஓரிடத்தில் அமையலாமா என்று கேட்பவர் உளர். கூலிக்கு எழுதியபோதும் உண்மையல்லாததை எழுதக்கூடாது என்ற அச்சம் ஒருவனிடம் இருக்குமாயின், அக்கூலியை ஏன் குறை கூறவேண்டும்?

'றாம்பிளர்' வாசகர் எவருக்கும் அவருடைய ஜெபம் தெரியாது. கட்டுரைகளிலே அவர் வேதவாக்கியங்களை அடுக்குவதுமில்லை. பொறாமை, வீண் நம்பிக்கை, காலதாமதம், துயரம் என்பவற்றை மனிதர் அறிந்த முறையிலேயே ஆராய்கிறார். ஜெபங்கள் அவருடைய தாள்களுக்கிடையே கிடந்தன. 1784 டிசம்பரில் அவர் இறந்தபின், அடுத்த ஆண்டிலேதான் அவை நூலாயின.

'றாம்பிளர்' கடைசி இதழ் 1752 மார்ச் 14ஆம் நாள் வெளிவந்தது. சில நாட்களுக்குள் அவருடைய மனைவி எலிசபெத் இறந்தார். அடக்க ஆராதனையில் ரெயிலர் நிகழ்த்துவதற்கென்று ஜோன்சன் ஒரு பிரசங்கம் எழுதினார். உயிர்த்தெழுதலையும் ஜீவனையும் பற்றி யோவான் சுவிசேஷம் 11ஆம் அதிகாரத்தில் இயேசு கூறியதே அதன் ஆதார வசனம். தம் துயரத்தைத் தம் வாயாற் கூறாமல், மற்றொருவர் வாய்க்கென்று, கூடியிருப்போரின் ஆறுதலுக்கென்று எழுதினார். அந்தப் பிரசங்கம் நிகழ்த்தப்படவில்லை. எழுதியவரும் நிகழ்த்த வேண்டியவரும் மறைந்தபின், 1788இல் அது அச்சாயிற்று.