அஸ்திவாரத்தில் கிணறு
(மாணவர் கூட்டமொன்றில் பேசியதன் எழுத்து வடிவம்)



எழும்பூர் ரயிலடிக்குப் பக்கத்துல இருக்கிற செயின்ட் ஆண்ட்ரூஸ் சர்ச், ஸ்காட்லாந்துக்காரர்களின் பிரஸ்பிட்டீரியன் கோயில். 1813 சாசனத்துக்குப் பிறகு கம்பெனி செலவில் எழுந்தது. 1818-இல் அடிக்கல், 1821-இல் திறப்பு. யார் கட்டினாங்கன்னு கேட்டா மேஜர் டி ஹாவிலண்ட் என்பார்கள். அவர் திறமையை நான் மறுக்கவில்லை.

ஆனால் அந்தக் கட்டடம் நிற்பது கிணறுகள் மேலே. மண் இளக்கம், பாரம் தாங்காது. அதனால சுட்ட மண்ணால் உறை செய்து, நூற்றுக்கும் மேலான கிணறுகளை இறக்கி, அதன்மேல் சுவர் எழுப்பினார்கள். சில கிணறுகள் 50 அடி ஆழம். உறைகிணறு கப்பலில் வந்த வித்தையா? அரிக்கமேட்டிலும் கீழடியிலும் தோண்டத் தோண்ட வந்தது அதுதானே! உள்ளே பளிங்காய் மின்னும் தூண்களும் நம்ம ஊர் சுண்ணாம்புப் பூச்சுதான்.

நான் வங்கியில் பேரேடு எழுதுகிறவன். வரவை மட்டும் எழுதிப் பற்றை விட்டுட்டா கணக்கு நேராகாது. கம்பெனிப் பணம் என்கிறார்களே, அதில் பெரும்பங்கு நிலவரி. சேற்றில் குனிந்தவன் உழைப்பு. அந்தப் பற்று எங்கே?

மண்வெட்ட நம்ம கை வேணும். வெட்டின கிணத்துல அதே கை பட்டா தீட்டு. பொதுக்குளத்துத் தண்ணியை அள்ளிக் குடிக்கவே 1927-இல் அம்பேத்கர் மகாடில் போராட வேண்டியிருந்தது.

மாணவர்களே, கோபுரத்தின் உயரத்தை மட்டும் குறிச்சுக்கிட்டுத் திரும்பாதீங்க. உங்க ஊர்ப் பழைய கட்டடத்துக்கு மண் சுமந்தது யார், கூலி என்ன, சேரிக் கிழவிகளைக் கேளுங்க. கேட்டதை எழுதுங்க. நம்ம வரலாற்றுக்கு அதுவும் ஆவணம்தான்.