வெறுமையாய் இருப்பதே அதன் வேலை

(வெள்ளத் தடுப்பு மண்ணணைகள் குறித்துக் கமக்காரர் கூட்டமொன்றில் நிகழ்த்தப்பெற்ற உரையின் எழுத்து வடிவம்)



2025ஆம் ஆண்டு நவம்பர் இறுதியில் ‘டித்வா’ப் புயல் இத்தீவை உலுக்கிச் சென்ற நாள் முதலாக நம் ஊர்களிலே ஒரு கோரிக்கை வலுத்து வருகின்றது. “ஆற்றுக்கு மேலே ஒரு கட்டுக் கட்டித் தாருங்கள், வெள்ளத்திலிருந்து எங்களைக் காப்பாற்றுங்கள்” என்பதே அது. நியாயமான கோரிக்கை. அதனை எதிர்ப்பதற்கு நான் இங்கே வரவில்லை. ஆயினும், கட்டுக் கேட்கும் நாம் எதனைக் கேட்கின்றோம் என்று அறிந்து கேட்டல் வேண்டும். அதுபற்றியே சில வார்த்தைகள் சொல்ல விரும்புகின்றேன்.

குளக்கட்டு நமக்குப் புதியதன்று. ஆனால் நம் முன்னோர் குளம் கட்டியது பெரும்பாலும் நீரைச் சேர்த்து வைப்பதற்காகவே. வெள்ளத்தின் வேகத்தை அக்குளங்கள் தணித்தது உண்மை. அஃது அவற்றின் பக்க உபகாரம். வெள்ளத்தைத் தடுப்பதற்கென்றே எழுப்பப்படும் மண்ணணையோ வேறொரு சாதி. குளம் நிறைந்திருந்தால் கமக்காரன் மனம் நிறைகின்றது. வெள்ள அணை நிறைந்திருந்தாலோ அடுத்த மழைக்கு அது உதவாது. நிறைந்த பானையிலே மேலும் நீர் வார்க்க முடியுமா? வெறுமையாய் இருப்பதே அதன் வேலை.

இவ்வகை அணைகளை ஆயிரக்கணக்கிற் கட்டி, அவற்றின் இளமையையும் முதுமையையும் கண்டுவிட்ட நாடு அமெரிக்கா. அங்கே ஒக்லஹோமா மாநிலத்தில் வொஷிற்றா என்றோர் ஆறு உண்டு. அதன் கரையிலே கோதுமையும் பருத்தியும் பயிரிட்ட உழவர்கள், மழை பெய்தால் வெள்ளத்திலும் பெய்யாவிட்டால் புழுதியிலும் அழிந்துகொண்டிருந்தார்கள். 1944ஆம் ஆண்டின் வெள்ளத் தடுப்புச் சட்டம் அவ்வாற்றையும் வேறு பத்து ஆறுகளையும் தெரிந்தெடுத்தது. பேராற்றை ஒரே பேரணையால் மறிப்பதற்குப் பதிலாக, அதற்குள் வந்து விழும் சிற்றோடைகள் ஒவ்வொன்றின் தலைமாட்டிலும் ஒரு சிறு மண்ணணை எழுப்புவது என்பது திட்டம். அதன்படி எழுந்த முதலாவது அணை கோடெல் என்ற சிற்றூருக்கு அருகே 1948 யூலையில் முடிந்தது. 1954இல் இன்னொரு சட்டம் வந்து இம்முறையை நாடெங்கும் பரப்பிற்று. இன்று 47 மாநிலங்களில் ஏறக்குறைய 12,000 அணைகள். அவற்றுள் 2,000க்கு மேற்பட்டவை ஒக்லஹோமாவில் மாத்திரம்.

அவற்றின் அமைப்பை நீங்கள் கூர்ந்து கேட்க வேண்டுகின்றேன். பொருள் முழுவதும் அதிலேதான் இருக்கின்றது. கட்டின் உட்பக்கத்திலே கொங்கிறீற்றாலான ஒரு கூண்டு நிமிர்ந்து நிற்கும். நீர் அதன் வாய்க்கு ஏறியதும் உள்ளே விழுந்து, கட்டின் அடியாற் செல்லும் குழாய் வழியாக அளவோடு வெளியேறும். வாய்க்குக் கீழே தங்கும் இடம், வண்டல் படிவதற்கென்று விடப்பட்டது. வாய்க்கு மேலே வான் மட்டம் வரையுள்ள இடமே வெள்ளத்துக்கு உரியது. மழை நாளில் அது நிறையும். பத்து நாளளவில் வடிந்து மீண்டும் வெறுமையாகும். அதற்கும் மிஞ்சிய பெருவெள்ளம் வந்தாற் கட்டின் மேலாகப் பாயாதபடி, பக்கத்து மேட்டு நிலத்தை வெட்டிப் புல் வளர்த்து அகலமான வான் ஒன்றும் வைத்திருப்பார்கள்.

இதிலே நான் காட்ட விரும்புவது யாதெனில், அங்கே கதவு இல்லை! நள்ளிரவிற் சாவியுடன் ஓடி வர வேண்டிய காவலன் இல்லை. மேலிடத்து உத்தரவுக்குக் காத்திருக்கும் அதிகாரி இல்லை. எவ்வளவு நீர் நிற்கலாம், எவ்வளவு போக வேண்டும் என்ற வழக்கு கட்டும் நாளிலேயே தீர்க்கப்பட்டு, கொங்கிறீற்றில் எழுதப்பட்டுவிட்டது.

நம் நாட்டில் அவ்வழக்கு ஒவ்வொரு மாரியிலும் புதிதாகத் தொடங்குகின்றது. 2018 டிசம்பர் 21, 22ஆம் நாட்களில் இரணைமடுவின் கீழே கிளிநொச்சி மண் வெள்ளத்தில் மிதந்தபோது, கதவுகள் உரிய வேளையில் திறக்கப்பட்டனவா என்ற வாதம் எழுந்து, விசாரணை வரைக்கும் போயிற்று. அதிலே தீர்ப்புச் சொல்ல நான் வரவில்லை. குளம் நிறைய வேண்டும் என்று வயற்காரன் நினைப்பது குற்றமா? சிறுபோகம் அதிலேதான் தங்கியிருக்கின்றது. குளத்தில் இடம் இருக்க வேண்டும் என்று கீழூரான் நினைப்பது குற்றமா? அவன் குழந்தை தொட்டிலிற் கிடக்கின்றது. இரண்டு நியாயங்களையும் ஒரே கதவிலே தொங்கவிட்டு, மழை கொட்டும் இரவில் ஓர் உத்தியோகத்தர் தீர்ப்பளிக்கட்டும் என்று விட்டதே பிழை.

சிறு குளங்களிலே இதே வழக்கு வேறொரு வடிவத்தில் நடக்கின்றது. உங்களுக்குத் தெரியாததன்று, சிலர் சிரிப்பதும் தெரிகின்றது. வானிலே மண்மூடை அடுக்கி ஓரடி நீரை மேலதிகமாக மறிக்கின்றோம் அல்லவா? அந்த ஓரடி நமக்கு வேண்டும் என்பது மெய். ஆனால் மண்கட்டு என்பது கல்லணை அன்று. நீர் அதன் முடியைத் தாண்டி வழியத் தொடங்கினால், வெளிச்சரிவின் மண்ணை அரித்து அரித்துச் சில மணி நேரத்துக்குள் கட்டையே கொண்டு போய்விடும். மேலும் நம் குளங்கள் தனித்தனியானவை அல்ல. ஒன்றின் வான் நீர் அடுத்ததற்குச் செல்லும் தொடர்குளங்கள். மேற்குளம் உடைந்தால் அதன் நீர் முழுவதும் ஒரே மூச்சிற் கீழ்க்குளத்தின் மேல் விழும். மேலே அடுக்கிய மூடையின் விலையைக் கீழே உள்ளவன் கொடுக்கின்றான்.

மண்கட்டுக்கு மற்றொரு பகை உள்ளே இருந்து வருவது. புற்றும், எலி வளையும், பட்டுப்போன மரத்தின் வேர் விட்ட துவாரமும் நீருக்கு வழி காட்டும். வெளிச்சரிவின் அடியிலே தெளிந்த நீர் சிறிது கசிந்தாற் கவனித்திருக்கலாம். கசியும் நீர் கலங்கி வந்தாலோ உள்ளே மண் கரைகின்றது என்று பொருள். அப்போது பொழுது விடியட்டும் என்று இருக்கலாகாது. கந்தளாய்க் கட்டு 1986 ஏப்ரல் 20ஆம் நாள் அதிகாலையிலே உடைந்தபோது மக்கள் உறக்கத்தில் இருந்தார்கள். நூற்றுக்கு மேற்பட்டோர் மாண்டார்கள்.

மீண்டும் ஒக்லஹோமாவுக்கு வருவோம். அங்கே நடந்த பிழைகளையும் சொல்லாவிட்டால் என் உரை விளம்பரமாகிவிடும். அவ்வணைகளிற் பலவற்றை ஐம்பது ஆண்டுகளுக்கென்று கணக்கிட்டுக் கட்டினார்கள். வண்டல் வந்து கொண்டே இருந்தது, குழாய்கள் துருப்பிடித்தன. வெள்ளம் வராது என்ற நம்பிக்கையிலே கட்டின் கீழே வயலாய் இருந்த இடங்களில் வீடுகளும் தெருக்களும் எழுந்தன. உடைந்தால் வயலை அழிக்கும் என்று கட்டிய அணை, உடைந்தால் ஊரையே அழிக்கும் அணையாயிற்று. அணை வளரவில்லை, ஆபத்து வளர்ந்தது. அவற்றைச் செப்பனிட 2000ஆம் ஆண்டிலே தனிச் சட்டம் செய்தார்கள். செலவில் 65 வீதத்தை மத்திய அரசும் 35 வீதத்தை உள்ளூராரும் ஏற்க வேண்டும் என்பது ஏற்பாடு. கட்டும் நாளிலே கிடைக்கும் பணமும் கைதட்டலும் பராமரிக்கும் நாளிலே கிடைப்பதில்லை. அமெரிக்காவுக்கும் இதில் விலக்கில்லை.

ஆயினும் அங்கே ஒவ்வோர் அணைக்கும் பொறுப்பாளி யார் என்பது எழுத்தில் இருந்தது. நம் நிலை என்ன? பழைய நாளில் வட்டவிதானை அழைத்தாற் குளத்துக்கு உரிய குடிகள் மண்வெட்டியுடன் வந்தார்கள். 1832இல் இராசகாரியம் ஒழிக்கப்பட்டது. அஃது அடிமைத்தனத்தின் ஒழிப்பு என்று போற்றலாம். ஆனால் குளம் காக்கும் கடமையும் அதனோடு சேர்ந்து தளர்ந்தது. இன்றோ, 200 ஏக்கருக்கு உட்பட்ட வயலுக்குப் பாயும் குளம் கமநலத் திணைக்களத்துக்கு. அதற்கு மேற்பட்டது நீர்ப்பாசனத் திணைக்களத்துக்கு. 1987இன் பதின்மூன்றாம் திருத்தத்தின் பின் மாகாணத்துக்குள் அடங்கும் ஆறு மாகாணத்துக்கு. மாகாணம் கடந்தது கொழும்புக்கு. ஓடையிலே ஓடும் நீருக்கு இந்த எல்லைகள் தெரியுமா? தொடர்குளத்தின் தலையில் ஓர் எசமானர், இடையில் ஓர் எசமானர், கடையில் இன்னொருவர். மாகாணத்துக்கு உரிமை கேட்கும் நாம், அவ்வுரிமையால் ஒரு சிற்றோடையை முழுமையாக ஆள விரும்புகின்றோம் என்பதையும் சேர்த்துக் கேட்க வேண்டும்.

இனி, புதிய கட்டைக் கேட்போருக்குச் சில சொல்வேன். நீர் ஏறும் நிலம் யாருடையது? ஒக்லஹோமாவிலே நிலம் உழவன் பெயரிலேயே இருக்க, நீர் ஏறும் உரிமையை மட்டும் எழுதி வாங்கினார்கள். வடிந்த பின் அவன் அங்கே மாடு மேய்ப்பான். நம்மிடத்தில் அலைகரைக்குள் வயல் செய்திருப்போர் பலர் ஏழைகள். அவர்களை ஆக்கிரமிப்பாளர் என்று திட்டுவதனாற் கட்டு எழாது. கீழூரைக் காக்க மேலூரான் நட்டப்படுவானாயின், அந்த நட்டத்துக்கு ஈடு முதலிலேயே பேசப்படட்டும்.

அடுத்தது, கட்டின் கீழுள்ள வயலை வீட்டுக் காணியாக வெட்டி விற்பதை இன்றே தடுக்க வேண்டும். இதனைப் பிரதேச சபையிடம் கேட்கலாம். கொழும்புக்குப் போக வேண்டியதில்லை.

இருக்கும் குளங்களுக்கு நான் கேட்பது சிறியது. ஒவ்வொரு குளத்திலும் துருசடியில் ஒரு கல் நடுங்கள். ஐப்பசி கார்த்திகையில் நீர் எந்த மட்டத்துக்கு மேல் நிற்கலாகாது, மார்கழி கழிந்த பின் எதுவரை நிரப்பலாம் என்ற இரண்டு கோடுகளை அதிலே பொறியுங்கள். எந்தக் கோட்டில் எவர் துருசைத் திறப்பது என்பதையும் பெயரோடு எழுதிக் கமக்காரர் அமைப்பின் பதிவில் வையுங்கள். கோடுகளை எங்கே போடுவது என்பதிலே இம்மண்டபத்தில் முன்வரிசைக்கும் பின்வரிசைக்கும் இணக்கம் இராது என்பதை அறிவேன். முன்வரிசையில் மேற்குளத்தார், பின்வரிசையிற் கீழூரார். பொறியியலாளர் கணக்குப் போட்டுத் தருவார். ஆனால் ஒப்பம் இடவேண்டியவர்கள் நீங்கள். மழைக்கு இன்னும் மாதங்கள் இருக்கின்றன. தலைவர் அனுமதித்தால், அந்த வாதத்தை இப்போதே தொடங்கலாம். நான் இருக்கைக்குத் திரும்புகின்றேன்.