போன காலம் திரும்புமா?

(ஆலைத் தொழிலாளரும் விவசாயத் தொழிலாளரும் கலந்துகொண்ட படிப்பு வட்டத்தில் ஆற்றிய உரை)



யந்திரத்தில் ஏறிப் பழைய காலத்துக்குப் போவதாகச் சினிமாவில் காட்டுகிறார்கள். இது நடக்கக் கூடியதுதானா என்று பல தோழர்கள் கேட்கிறீர்கள். விஞ்ஞானம் சொல்வதைப் பார்ப்போம்.

காலம் தெய்வமல்ல, தலைவிதியுமல்ல. நாம் நினைத்தாலும் நினைக்காவிட்டாலும் அது இருக்கிறது என்று 1909-ல் வெளியான தமது நூலில் லெனின் வாதாடினார். அது எங்கும் ஒரே சீராக ஓடுகிறது என்று நியூட்டன் கருதினார். 1905-ல் ஐன்ஸ்டீன் இதை மறுத்தார். வேகமாகப் போகும் கடிகாரம் மெதுவாக ஓடும் என்றார்.

இது வெறும் ஏட்டுக் கணக்கா? இல்லை. 1971 அக்டோபரில் ஹாஃபெல், கீட்டிங் என்ற இரு அமெரிக்க விஞ்ஞானிகள் நான்கு அணுக் கடிகாரங்களை விமானத்தில் ஏற்றி உலகைச் சுற்றினார்கள். கிழக்கே சுற்றியபோது, தரையிலிருந்த கடிகாரங்களைவிட அவை சுமார் 59 நானோ விநாடி பின்தங்கின. விநாடியை நூறு கோடிக் கூறாக்கினால் ஒரு கூறுதான் நானோ விநாடி. மேற்கே சுற்றியபோது 273 நானோ விநாடி முந்தின. பூமியின் சுழற்சியையும், உயரத்தில் புவியீர்ப்பு குறைவதையும் சேர்த்துப் போட்ட ஐன்ஸ்டீன் கணக்குக்கு இரண்டும் ஒத்திருந்தன.

ஆகவே முன்னோக்கித் தாவுவது சாத்தியமே. விண்வெளி வீரர் செர்கேய் கிரிகால்யோவ் ஆறு பயணங்களில் 803 நாள் விண்வெளியில் இருந்தார். தரையிலிருந்தவர்களைவிட அவருக்கு விநாடியில் சுமார் 50-ல் ஒரு பங்கு குறைவாகவே காலம் கழிந்தது.

பின்னோக்கிப் போக முடியுமா? பிரபஞ்சம் முழுவதும் சுழலுமானால் அதற்குப் பாதை உண்டு என்று 1949-ல் கணித அறிஞர் கெடல் காட்டினார். நமது பிரபஞ்சம் அப்படிச் சுழல்வதாகத் தெரியவில்லை. 2009 ஜூன் 28 அன்று ஸ்டீபன் ஹாக்கிங் எதிர்காலத்து மனிதர்களுக்கு விருந்து வைத்தார்; விருந்து முடிந்த பிறகே அழைப்பை வெளியிட்டார். ஒருவரும் வரவில்லை!

கொதிகலனில் எரிந்த கரி சாம்பலாகிறது. சாம்பலும் புகையும் வெப்பமும் கூடி மறுபடி கரியானதைக் கண்டவர் உண்டா? இயற்கையின் இந்த ஒருவழிப் போக்கையே காலத்தின் திசை என்கிறோம்.

1991 மே மாதம் கிரிகால்யோவ் மேலே போனார். 1992 மார்ச்சில் இறங்கியபோது, அவரை அனுப்பிய சோவியத் யூனியன் இல்லை. அந்த நாள் திரும்பாதா என்று ஏங்கும் நம் தோழர்களுக்கும், பழைய பொற்காலத்துக்கு அழைத்துப் போவதாக ஏய்ப்பவர்களுக்கும் பதில் ஒன்றுதான்: போனது போனதுதான். இனி வரும் காலத்தை மனிதர்களின் உழைப்பும் போராட்டமும்தான் உருவாக்க வேண்டும்.

தோழர்களே, ஆலையிலும் வயலிலும் நாம் கொடுத்த மணி நேரத்துக்குக் கூலி தரலாம். அந்த நேரத்தை எந்த முதலாளியாலும் திருப்பித் தர முடியாது. 2023 ஏப்ரலில் 12 மணி நேர வேலைக்கு வழிவிடும் சட்டத் திருத்தம் தமிழ்நாடு சட்டமன்றத்தில் நிறைவேறியது. தொழிற்சங்கங்கள் எதிர்த்து எழுந்தன. மே 1 அன்று அது வாபஸ் என்று அறிவிக்கப்பட்டது. பறிபோன மணி நேரத்தை மீட்க யந்திரம் இல்லை. பறிபோகவிருந்த மணி நேரத்தைக் காக்கச் சங்கம் இருந்தது!