சாலையில் செல்லும் அபாயச் சரக்குகள்



ஊர் விட்டு ஊர் வந்து வாழும் நம்மவர்க்கு முதலில் கைவரப்பெறுவது அவ்வூரின் பேச்சு. நெடுநாள் சென்றும் கைவராமல் நிற்பது அவ்வூரின் எழுத்து. ஹைதராபாத் நகரின் மாதாப்பூர்ப் பகுதியில் வாழும் தமிழருள் பலர் தெலுங்கில் தடையின்றிப் பேரம் பேசுவர். அண்டை வீட்டாரோடு அளவளாவுவர். ஆயினும் தெருவில் உள்ள பலகையைப் படிக்கச் சொன்னால் தயங்கி நிற்பர். இதனால் பெரும்பாலும் தீங்கு ஏதும் நேர்வதில்லை. கடையின் பெயரை அறியாமலே அரிசியும் பருப்பும் வாங்கிவிடலாம். ஆனால், படித்தறியாவிடில் உயிருக்கே ஊறு விளையக்கூடிய பலகை ஒன்று உண்டு. அது கடை வாசலில் தொங்குவதன்று; சக்கரங்களின் மேல் நம் கண்முன்னே ஓடுவது. அபாயச் சரக்குகளை ஏற்றிச் செல்லும் லாரிகளில் எழுதப்பட்டுள்ள பலகையே அது. அந்தப் பலகையைப் பற்றியும், அதன் பின்னே நிற்கும் விதிகளைப் பற்றியும் இன்று சிறிது சிந்திப்போம்.

மாதாப்பூர் ஒரு காலத்தில் துர்கம் செருவு ஏரிக்கு அருகே பாறைகள் சூழ்ந்திருந்த சிற்றூர். 1998-ஆம் ஆண்டில் சைபர் டவர்ஸ் என்னும் கட்டடம் திறக்கப்பட்ட பின், கணினித் தொழிலின் பெருந்தலமாக அது வளர்ந்தது. அங்கே விண்ணளாவி நிற்கும் மாளிகைகளில் வேலை செய்வோர்க்கு அபாயச் சரக்கு என்பது தொலைதூரத் தொழிற்சாலைகளின் கவலையாகத் தோன்றலாம். உண்மை அவ்வாறன்று. மின்சாரம் நின்றால் ஜெனரேட்டரை ஓட்டுவதற்கு டீசல் வேண்டும். உணவு விடுதிகளுக்குச் சமையல் எரிவாயு வேண்டும்; மருத்துவமனைகளுக்கு ஆக்சிஜன் வேண்டும்; வண்டிகளுக்குப் பெட்ரோல் வேண்டும். இவை யாவும் நாம் செல்லும் சாலை வழியாகவே, நம் பேருந்துக்கு முன்னும் பின்னுமாகவே வந்து சேருகின்றன.

இவற்றினும் பெரிய சரக்கு ஒன்று நம் தமிழகத்திலிருந்து இந்நகரை நோக்கிச் சாலை வழியே வந்த வரலாற்றை ஈண்டு நினைவுகூர்வது பொருந்தும். 2020 ஆகஸ்டு 4-ஆம் நாள் லெபனான் நாட்டின் தலைநகரான பெய்ரூட் துறைமுகத்தில், பல ஆண்டுகளாகத் தேங்கிக் கிடந்த 2,750 டன் அமோனியம் நைட்ரேட் வெடித்து, இருநூறுக்கும் மேற்பட்டோர் மாண்டனர். அச்செய்தி கேட்டவுடன் சென்னையிலும் ஒரு கவலை எழுந்தது. 2015-ஆம் ஆண்டில் சுங்கத் துறையினர் கைப்பற்றிய அதே வேதிப்பொருள், ஏறத்தாழ 700 டன் அளவில், 37 கொள்கலன்களில், மணலிக்கு அருகே ஒரு சரக்குக் கிடங்கில் வைக்கப்பட்டிருந்தது. அது ஏலத்தில் விற்கப்பட்டு, அந்த ஆகஸ்டு மாதத்திலேயே பகுதி பகுதியாக லாரிகளில் ஏற்றப்பட்டு ஹைதராபாதுக்கு அனுப்பப்பட்டது. பெய்ரூட்டைப் பற்றி உலகமே பேசிக்கொண்டிருந்த நாட்களில், அதே பொருள் நெடுஞ்சாலை வழியே ஊர்களைக் கடந்து அமைதியாகப் பயணம் செய்தது; தீங்கு ஏதும் விளையவில்லை. ஒரு பொருள் அபாயமானது என்பதாலேயே விபத்து நேர்ந்துவிடுவதில்லை. அது இன்ன பொருள் என அறிந்து, அதற்குரிய முறையில் கையாளாதபோதுதான் நேர்கிறது.

அந்த முறையைத்தான் சட்டம் வகுத்துரைக்கிறது. 1988-ஆம் ஆண்டின் மோட்டார் வாகனச் சட்டத்தின் கீழ் இயற்றப்பட்ட 1989-ஆம் ஆண்டின் மத்திய மோட்டார் வாகன விதிகளில், 129 முதல் 137 வரையுள்ள விதிகள் அபாயச் சரக்குகளைப் பற்றியவை. அவை மூவர் தலையில் பொறுப்பைச் சுமத்துகின்றன. முதலாமவர் சரக்கை அனுப்புவோர். தாம் அனுப்பும் பொருள் யாது, அதனால் நேரக்கூடிய ஆபத்து யாது என்பதை அவர் ஒளிவுமறைவின்றித் தெரிவிக்க வேண்டும். இரண்டாமவர் வண்டியின் உரிமையாளர். அவ்விவரங்களை எழுத்து வடிவில் ஓட்டுநரிடம் ஒப்படைத்து, அவருக்குத் தக்க பயிற்சி கிடைக்கச் செய்வது அவர் கடமை. மூன்றாமவர் ஓட்டுநர். எழுத்து வடிவிலான அந்த அறிவுரையை அவர் எப்போதும் தம் இருக்கைப் பகுதியில் வைத்திருக்க வேண்டும். வண்டியை நிறுத்தும் இடம் தீ முதலிய ஆபத்துகளுக்கு அப்பாற்பட்டதாக இருக்க வேண்டும். அங்கேயும் அது தம்முடைய அல்லது 18 வயது கடந்த தகுதியுள்ள மற்றொருவருடைய கண்காணிப்பிலேயே இருக்க வேண்டும். விபத்து நேர்ந்தால் அருகிலுள்ள காவல் நிலையத்துக்கும் உரிமையாளருக்கும் உடனே தெரிவித்தல் வேண்டும். புகைபோக்கியிலிருந்து தீப்பொறி வெளிப்படாதவாறு தடுக்கும் கருவியும் இத்தகைய வண்டிகளில் பொருத்தப்பட்டிருக்க வேண்டும்.

இனி, நாம் கூறிய பலகைக்கு வருவோம். 134-ஆம் விதியின்படி இப்பலகை வண்டியின் இரு பக்கங்களிலும் பின்புறத்திலுமாக மூன்று இடங்களில் அமைய வேண்டும். சரக்கின் சரியான பெயர், அதற்குரிய ஐக்கிய நாடுகள் எண், ஆபத்தின் வகையைக் காட்டும் சின்னம், அவசர உதவிக்குரிய தொலைபேசி எண், அச்சரக்கைப் பற்றி அறிவுரை கூற வல்லவரின் தொலைபேசி எண் ஆகியவை அதில் இடம்பெறும். பெயரை எழுதும் எழுத்து 50 மில்லிமீட்டர் உயரத்துக்குக் குறையலாகாது. ஆனால் எண்ணோ 100 மில்லிமீட்டருக்குக் குறையலாகாது. பெயரைவிட எண் இருமடங்கு பெரிதாக இருக்க வேண்டும் என்று விதி கூறுகிறது.

அதன் பயனை நம் போன்று அயல் மாநிலத்தில் வாழ்வோர் எளிதில் உணரலாம். பெயர் ஒரு மொழிக்கு உரியது; எண் எல்லார்க்கும் உரியது. அபாயச் சரக்குகளை ஆராய்வதற்கென ஐக்கிய நாடுகள் சபை 1953-ஆம் ஆண்டில் வல்லுநர் குழுவொன்றை அமைத்தது. அதன் பரிந்துரைகள் முதன்முதலாக 1956-இல் வெளியாயின. அபாயப் பொருள்களை ஒன்பது வகைகளாகப் பிரித்து, பொருளுக்கு ஓர் எண்ணாக வழங்கும் முறை அவ்வழியே வேரூன்றியது. வெடிப்பொருள் முதல் வகை. வாயு இரண்டாம் வகை. எளிதில் தீப்பற்றும் திரவம் மூன்றாம் வகை. பெட்ரோலுக்கு 1203 என்பது எண், டீசலுக்கு 1202, சமையல் எரிவாயுவுக்கு 1075, குளோரினுக்கு 1017, கந்தக அமிலத்துக்கு 1830. இவ்வெண்கள் மாதாப்பூரிலும் அவையே, மதுரையிலும் அவையே, மும்பையிலும் அவையே. தெலுங்கோ மராத்தியோ படிக்கத் தெரியாத ஒருவர், தொலைபேசியில் அந்த நான்கு இலக்கங்களைக் கூறிவிட்டால் போதும். தீயணைப்புப் படையினர் தண்ணீர் கொண்டு வருவதா, நுரை கொண்டு வருவதா என்று புறப்படும்போதே முடிவு செய்துகொள்வர்.

ஆயினும் எல்லாவற்றையும் எண்ணாலேயே சொல்லிவிட முடியாது. ஓட்டுநர் கையில் உள்ள அறிவுரைத் தாள் சொற்களால் ஆனது. மொழிபெயர்ப்புப் பணியில் இருக்கும் எங்களுக்கு இதன் அருமை நன்கு தெரியும். ஆங்கிலத்தில் ‘இன்ஃபிளேமபிள்’ என்றொரு சொல் உண்டு; எளிதில் தீப்பற்றுவது என்பது அதன் பொருள். அச்சொல்லின் தொடக்கத்தில் உள்ள ‘இன்’ என்பதை எதிர்மறையாகக் கொண்டு, தீப்பற்றாதது என்று மயங்குவாரும் உளர். ஆதலின் அபாயச் சின்னங்களில் ‘ஃபிளேமபிள்’ என்றே எழுதும் வழக்கம் வந்தது. தமிழிலும் இத்தகைய மயக்கங்கள் இல்லாமலில்லை. அமிலத்தின் தன்மையைக் குறிக்க ‘அரிக்கும் பொருள்’ என்று எழுதுகிறோம். அகராதிப்படி அது சரியே. ஆனால் அதைப் படிக்கும் தொழிலாளி, தோலில் பட்டால் தினவெடுக்கும் போலும் என்று எண்ணிவிடக்கூடும். ‘பட்ட இடம் வெந்துபோகும், கண்ணில் பட்டால் பார்வை போகும்’ என்று எழுதினால் ஐயத்துக்கு இடமில்லை. அபாயத்தைப் பற்றிய மொழிபெயர்ப்பில் அழகான சொல்லைவிடப் படிப்பவரின் கை பின்வாங்கச் செய்யும் சொல்லே சிறந்தது.

இவ்வகை வண்டிகளை ஓட்டுவோர், அரசியலமைப்பின் எட்டாம் அட்டவணையில் உள்ள இந்திய மொழி ஒன்றையும் ஆங்கிலத்தையும் எழுதப் படிக்க அறிந்திருக்க வேண்டும் என்பது 9-ஆம் விதி. மூன்று நாள் பயிற்சி பெற்றுச் சான்றிதழும் கொண்டிருத்தல் வேண்டும். உரிமத்தைப் புதுப்பிக்கும்போது ஒரு நாள் மறுபயிற்சியும் உண்டு. இந்த ஓட்டுநர் வேறு யாரோ அல்லர். தென்னாட்டில் எரிவாயு டாங்கர் லாரித் தொழிலின் தலைமையிடமாக விளங்குவது நம் நாமக்கல். அங்கிருந்தும் திருச்செங்கோடு, சங்ககிரி ஆகிய ஊர்களிலிருந்தும் புறப்பட்ட நம்மவர் இந்திய நெடுஞ்சாலைகள் எங்கும் வண்டி ஓட்டுகின்றனர். நாம் அலுவலகம் சென்று திரும்பும் வேளையில், நாட்கணக்கில் வீடு காணாமல், பல டன் எரிவாயுவை முதுகுக்குப் பின் சுமந்து செல்லும் அவர்களும் நம்மைப் போல் புலம்பெயர்ந்து உழைப்போரே. அவர்களுக்கு உரிய ஓய்வும் பயிற்சியும், தாய்மொழியில் அமைந்த தெளிவான அறிவுரைத் தாளும் கிடைக்கச் செய்தல், அவர்கள் உயிரோடு நம் உயிரையும் காப்பதாகும்.

மூவருடைய கடமைகளைச் சொன்னோம். நான்காமவர் ஒருவர் இருக்கிறார்; அவர் பெயர் இவ்விதிகளில் இல்லை. விபத்தைக் கண்டு கூடும் பொதுமக்களாகிய நாமே அவர். 2017 ஜூன் 25-ஆம் நாள், பாகிஸ்தானில் பகவல்பூர் மாவட்டத்து அகமதுபூர் கிழக்கு என்னும் ஊரருகே, பெட்ரோல் ஏற்றிச் சென்ற டாங்கர் லாரி கவிழ்ந்தது. கவிழ்ந்தபோது தீப்பற்றவில்லை. வழிந்தோடிய பெட்ரோலைப் பிடித்துக்கொள்ள மக்கள் குடங்களுடனும் வாளிகளுடனும் திரண்டனர். அதன் பின்னரே தீப்பற்றியது. இருநூறுக்கும் மேற்பட்டோர் மாண்டனர். 2012 ஆகஸ்டு 27-ஆம் நாள், கேரளத்தில் கண்ணூரை அடுத்த சாலா என்னுமிடத்தில் எரிவாயு டாங்கர் கவிழ்ந்து வெடித்தது. தீக்காயமுற்றோருள் 20 பேர் அடுத்தடுத்து இறந்தனர். 2024 டிசம்பர் 20-ஆம் நாள், ஜெய்ப்பூரை அடுத்த பாங்க்ரோட்டாவில் எரிவாயு டாங்கர்மீது லாரி மோதியதால் கசிந்த வாயு தீப்பற்றி, சாலையில் நின்ற பல வண்டிகளையும் எரித்தது.

சமையல் எரிவாயு காற்றைவிடக் கனமானது. கசிந்தால் மேலே போகாது. தரையோடு தவழ்ந்து பள்ளங்களிலும் சாக்கடைகளிலும் தங்கும். கண்ணுக்குத் தெரியாத அந்த வாயுவுக்கு ஒரு பொறி போதும். ஆதலின் டாங்கர் லாரி கவிழ்ந்திருக்கக் கண்டால் வேடிக்கை பார்க்க நெருங்கலாகாது. காற்று எத்திசையிலிருந்து வருகிறதோ அத்திசை நோக்கி விலகிச் செல்ல வேண்டும்; தாழ்வான இடத்தில் நிற்கலாகாது. அருகே நிற்கும் வண்டியை இயக்குவதும், பீடி சிகரெட் பற்றவைப்பதும், அண்மையில் நின்று செல்பேசியில் படம் பிடிப்பதும் கூடா. பாதுகாப்பான தொலைவை அடைந்த பின் 112 என்னும் எண்ணுக்குத் தெரிவிக்க வேண்டும். எரிவாயுக் கசிவாயின் 1906 என்னும் எண்ணும் உண்டு. இடத்தைச் சொல்லுங்கள்; பலகையிலுள்ள நான்கு இலக்கங்கள் தொலைவிலிருந்தே தெரிந்தால் அவற்றையும் சொல்லுங்கள். அதைப் படிப்பதற்காக நெருங்கிச் செல்ல வேண்டா.

இறுதியாக நம் சொந்த மூட்டையைப் பற்றியும் ஒரு சொல். வீடு மாறும்போது நிரம்பிய எரிவாயு உருளையைக் கட்டில் மெத்தைகளோடு ஏற்றுவதும், தீபாவளி முடிந்து திரும்புகையில் மிஞ்சிய சிவகாசிப் பட்டாசைப் பேருந்திலோ ரயிலிலோ பெட்டிக்குள் மறைத்து வருவதும் நம்மிடையே இல்லாத வழக்கங்கள் அல்ல. 2023 ஆகஸ்டு 26-ஆம் நாள், மதுரையில் நின்றிருந்த சுற்றுலா ரயில் பெட்டி ஒன்றில், விதிக்கு மாறாக ஏற்றி வந்த எரிவாயு உருளையால் தீ மூண்டு ஒன்பது பேர் இறந்தனர். அவர்கள் வடநாட்டிலிருந்து புண்ணியத் தலங்களைக் காண வந்தவர்கள். ரயிலில் அபாயப் பொருள் கொண்டு செல்வோர்க்கு மூன்றாண்டு வரை சிறைத் தண்டனை விதிக்கச் சட்டம் இடம் தருகிறது. தண்டனைக்கு அஞ்சி என்பதைவிட, அடுத்த இருக்கையில் உறங்கும் குழந்தையை எண்ணி நாம் அதைத் தவிர்ப்போமாயின் அதுவே சிறப்பு.

சரக்கு லாரியின் பலகையை எழுதுவது சட்டத்தின் வேலை. படிப்பது நம் வேலை. அடுத்த முறை பேருந்தில் செல்லும்போது முன்னே போகும் டாங்கர் லாரியைக் கண்டால், அதன் எண்ணைப் பிள்ளைகளுக்குக் காட்டி, 1203 என்றால் பெட்ரோல், 1075 என்றால் எரிவாயு என்று சொல்லிக் கொடுங்கள். எந்த மாநிலத்துக்குச் சென்று வாழ்ந்தாலும் அந்தப் பாடம் அவர்களுக்குப் பயன்படும்.