கொல்லைப்புறத்தில் ஒரு வானாய்வுக்கூடம்
(தோட்ட இளைஞர் மன்றக் கூட்டத்தில் ஆற்றிய உரை)



சென்ற முறை இம்மண்டபத்தில் வானூல் பற்றிச் சில படங்களைக் காட்டினோம். முடிவில் ஓர் இளைஞர் எழுந்து, "ஐயா, எஸ்.பி.எம். தேர்வோடு படிப்பை நிறுத்தியவன் நான். இத்துறையில் எனக்கு ஏதாவது இடம் உண்டா?" என்று வினவினார். ஆசிரியராக இருந்த பழக்கம் நம்மை விடவில்லை. "முதலில் படிப்பைத் தொடருங்கள், தம்பி" என்று கூறி அமர்த்திவிட்டோம். அவர் முகம் வாடியது. அறிவுரை தவறன்று; ஆயினும் அவர் கேட்டது அதுவன்று. அவருக்குத் தரவேண்டிய விடையை இன்று தர வந்திருக்கிறோம்.

செவ்வாய்க்கும் வியாழனுக்கும் இடையே கதிரவனைச் சுற்றிவரும் பாறை உருண்டைகளைச் சிறுகோள்கள் என்கிறோம். முதலாவதான சீரிஸ் 1801ஆம் ஆண்டு சனவரி முதல் நாள் பலெர்மோ நகரில் கண்டுபிடிக்கப்பட்டது. 1807க்குள் நான்கு கிடைத்தன. நான்காவதான வெஸ்டாவையும், இரண்டாவதான பல்லாசையும் கண்டவர் ஓல்பர்ஸ் என்னும் மருத்துவர். பகலில் நோயாளிகளைப் பார்த்துவிட்டு, இரவில் பிரெமன் நகரிலிருந்த தம் வீட்டு மாடியில் வானத்தைப் பார்த்தவர் அவர். அதன்பின் 38 ஆண்டுகள் ஒன்றும் அகப்படவில்லை. இனி இல்லை என்றே பலரும் விட்டுவிட்டனர்.

விடாதவர் ஒருவர் இருந்தார். அவர் பெயர் ஹெங்கே. பிரஷ்யாவில் டிரீசன் என்ற சிற்றூரின் அஞ்சல்துறை ஊழியர். பட்டம் பெற்றவரல்லர். விண்மீன்களின் இருப்பிடங்களைப் படமாக வரைந்து வைத்துக்கொண்டு, இரவுதோறும் வானத்தோடு ஒப்பிட்டார். வகுப்பில் பெயர்ப் பதிவேட்டை வைத்துக்கொண்டு மாணவர்களை எண்ணுகிறோம் அல்லவா? பதிவேட்டில் இல்லாத பிள்ளை ஒன்று பெஞ்சில் அமர்ந்திருந்தால் உடனே தெரிந்துவிடும். அதே முறைதான். ஆனால் பதினைந்து ஆண்டுகள் ஒரு புதிய பிள்ளைகூட வரவில்லை! 1845 திசம்பர் 8ஆம் நாள், படத்தில் இல்லாத ஒளிப்புள்ளி ஒன்று தென்பட்டது. அதுவே ஐந்தாவது சிறுகோளான அஸ்ட்ரேயா. 1847இல் ஹீபி என்னும் மற்றொன்றையும் அவரே கண்டார். பிரஷ்ய மன்னர் அவருக்கு உதவித்தொகை வழங்கிச் சிறப்பித்தார்.

கோல்ட்ஷ்மிட் என்பவரோ ஓர் ஓவியர். தாம் தீட்டிய கலிலியோவின் படங்களை விற்று வந்த பணத்தில் ஒரு சிறு தொலைநோக்கி வாங்கினார். அதன் வில்லை ஐந்து சென்டிமீட்டரைச் சற்றே தாண்டும். நம் வீட்டுத் தேநீர்க் குவளையின் வாய் அதைவிடப் பெரிது. பாரிசில் ஓர் உணவகத்துக்கு மேலிருந்த தம் குடியிருப்பிலிருந்து, 1852 நவம்பர் 15ஆம் நாள் லுட்டேசியா என்னும் சிறுகோளைக் கண்டார். 1861க்குள் அவர் கண்டவை பதினான்கு. 2010 சூலை 10ஆம் நாள் ஐரோப்பியரின் ரோசெட்டா விண்கலம் அந்த லுட்டேசியாவுக்கு 3,162 கிலோமீட்டர் அருகே சென்று, பள்ளங்கள் நிறைந்த அதன் மேனியைப் படமெடுத்தது.

நம் காலத்துக்கு வருவோம். சப்பானின் ஓய்சுமி ஊரைச் சேர்ந்த தக்காவோ கோபயாசி என்ற ஆர்வலர், 25 சென்டிமீட்டர் தொலைநோக்கியில் மின்னணுப் படக்கருவியைப் பொருத்தி, 1991க்கும் 2002க்கும் இடையில் 2,000க்கு மேற்பட்ட சிறுகோள்களைக் கண்டறிந்தார். வானத்தின் ஒரே பகுதியைச் சிறிது நேர இடைவெளியில் மூன்று நான்கு முறை படமெடுத்து, அவற்றை மாறி மாறித் திரையில் காட்டினால், விண்மீன்கள் அசையா. சிறுகோள் மட்டும் இடம் பெயரும். அதன் இருப்பிடத்தை அளந்து, அமெரிக்காவின் கேம்பிரிட்சிலுள்ள சிறுகோள் மையத்துக்கு அனுப்புவர். பாதை உறுதியான பின்னரே நிலையான எண் தரப்படும். பெயர் முன்மொழியும் உரிமை கண்டறிந்தவருக்கு உண்டு. பெயர் பதினாறு எழுத்துக்கு மேற்படலாகாது. வளர்ப்புப் பிராணிகளின் பெயரை வைக்க விரும்புவோரை மையத்தார் ஊக்குவிப்பதில்லை!

இத்தகைய வானாய்வுக்கூடம் பெரும்பாலும் கொல்லைப்புறத்தில் தண்டவாளத்தின்மீது நகரும் கூரையுடைய ஒரு கொட்டகைதான். தொலைநோக்கி நிற்கும் சிமெந்துத் தூண் மட்டும் கொட்டகையின் தரையைத் தொடாமல் தனியே மண்ணில் இறங்கியிருக்க வேண்டும். இல்லையேல் காலடி அதிர்விலேயே படம் கெட்டுவிடும்.

இனி, அந்த இளைஞருக்கு மறைக்காமல் ஒன்று சொல்ல வேண்டும். புதிய சிறுகோளைக் கண்டுபிடிக்கும் வாய்ப்பு இன்று தனியாருக்கு மிகவும் குறுகிவிட்டது. 2025இல் சிலி நாட்டின் ரூபின் வானாய்வகம் சுமார் பத்து மணி நேரப் பார்வையிலேயே 2,104 புதிய சிறுகோள்களைக் காட்டியது. கொட்டகை எங்கே, அது எங்கே?

ஆனால் கண்டால் மட்டும் போதாது. பூமிக்கு அருகே வரும் ஒன்றைச் சில நாள்களுக்குள் மீண்டும் பார்த்து அளக்காவிடில், அது கைநழுவிப் போகலாம். அப்படித் தொடர்ந்து பார்த்து அளந்து தருவோருள் இன்றும் கொல்லைப்புற ஆர்வலர்கள் பலர். ஒரு சிறுகோளின் ஒளி கூடிக் குறைவதை இரவு முழுதும் அளந்து, அது தன்னைத்தானே சுற்றும் நேரத்தைக் கணிப்போரும் அவர்களே. இது வீண் பொழுதுபோக்கன்று. 2013 பெப்ரவரி 15ஆம் நாள் உருசியாவின் செல்யாபின்ஸ்க் நகரின் மேலே சுமார் 20 மீட்டர் அகலப் பாறையொன்று வெடித்துச் சிதறியது. சன்னல் கண்ணாடிகள் நொறுங்கி ஏறத்தாழ 1,500 பேர் காயமுற்றனர். கதிரவன் இருக்கும் திசையிலிருந்து வந்த அதனை முன்னதாக எவரும் கண்டிலர்.

தொலைநோக்கி வாங்க வசதியில்லையா? அவாயித் தீவின் பெரிய தொலைநோக்கி எடுத்த படங்களைக் கட்டணமின்றிப் பள்ளிகளுக்கு அனுப்பி, மாணவர்களையே தேடச் செய்யும் பன்னாட்டுத் திட்டம் ஒன்று உண்டு. மன்றத்துக் கணினியே அதற்குப் போதும். நம் தமிழ்ப்பள்ளி ஆசிரியர்கள் இதைக் கவனிக்க வேண்டுகிறோம்.

பால்வெட்டுக்கு வைகறையில் சென்ற நம் பெற்றோர் விடிவெள்ளியையும் ஆறாமீனையும் கடிகாரம் இல்லாமலே அறிந்திருந்தனர். பட்டணத்து விளக்கொளியில் மறைந்துபோன வானம் செம்பனைக் காட்டுக்கு மேலே இன்னும் மிச்சமிருக்கிறது. மழைமேகந்தான் நமக்குப் பகை.

மன்றச் செயலாளர் இரவல் வாங்கிவந்த இருகண் நோக்கி ஒன்று இங்கே இருக்கிறது. பூமிக்கு நெருங்கிவரும் காலத்தில் வெஸ்டாவை இதனாலேயே காணலாம். தாளில் விண்மீன்களைப் புள்ளியிட்டு, இரண்டு மூன்று இரவு கழித்து மீண்டும் வரைந்தால் எது நகர்ந்தது என்பது தெரியும். அன்று கேட்ட தம்பி பின்வரிசையில் இருப்பதைப் பார்க்கிறோம். முதலில் அவரே வரையட்டும். பொறுப்பாளர் ஐயா, மண்டபத்து வெளிவிளக்கைச் சற்று அணைக்கச் சொல்லுங்கள்.