கைத்தொலைபேசியும் நமது கவனமும்
(சங்கக் கூட்டத்தில் ஆற்றிய உரை)



ஊரிலுள்ள உறவினரின் சேதிக்காகத் தபாற்காரனை எதிர்பார்த்து நின்றவர்கள் நம் பாட்டன்மார். இன்றோ கொழுந்து மலையில் நிற்கும் தாய், வெளிநாட்டில் வேலை செய்யும் மகளின் முகத்தைப் பார்த்தே பேசுகிறாள். இலங்கைக்குக் கைத்தொலைபேசி 1989ஆம் ஆண்டில் வந்தது. நம் லயங்களை எட்டப் பின்னும் பல ஆண்டுகள் சென்றன. அதன் பெருமையைப் பேச நான் இங்கு நிற்கவில்லை. ஒரு தவறைச் சொல்ல நிற்கிறேன்.

எங்கள் லயத்தின் கடைசிக் காம்பராவில் ஓர் அம்மாயி இருக்கிறார். ஒரு நாள் மாலை என்னைக் கூப்பிட்டார். “தம்பி, பேங்கிலிருந்து பேசுறாங்களாம். என்னமோ நம்பர் கேக்குறாங்க. நீ வாசிச்சுச் சொல்லு ராசா.” பேசியவன் நல்ல தமிழில், மரியாதையாகப் பேசினான். கார்டு முடங்கப் போகிறதாம். உடனே சரி செய்ய வேண்டுமாம். கார்டிலுள்ள எண்ணை வாசித்தேன். சற்று நேரத்தில் குறுஞ்செய்தி ஒன்று வந்தது. அதிலிருந்த ஆறு இலக்கங்களையும் வாசித்தேன். அவற்றின் கீழே, ‘இதை எவருக்கும் சொல்ல வேண்டாம்’ என்று ஆங்கிலத்தில் ஒரு வரி இருந்தது. ஆங்கிலம் தெரிந்தவன் என்று லயமே நம்பிய அடியேன், இலக்கத்தை வாசித்தேன்; அந்த வரியை வாசிக்கவில்லை.

மகள் அனுப்பிய பணம் போயிற்று. அதைவிட வருத்தம் என்னவென்றால், அம்மாயி மூன்று நாள் அதை எவரிடமும் சொல்லவில்லை. மகன் ஏசுவான் என்ற பயம். உடனே வங்கிக்கு அறிவித்திருந்தால் கார்டையாவது நிறுத்தியிருக்கலாம்.

அந்த ஆறு இலக்கம் வீட்டுச் சாவிக்குச் சமம். வங்கிக்காரர் எவரும் அதைத் தொலைபேசியில் கேட்பதில்லை. கேட்டால் ஒன்றும் பேசாமல் வைத்துவிடுங்கள். மரியாதைக் குறைவென்று நினைக்க வேண்டாம். சந்தேகமிருந்தால் கார்டின் பின்புறத்திலுள்ள இலக்கத்துக்கு நீங்களே பேசுங்கள்.

இன்னொரு விதமும் உண்டு. தெரிந்த நண்பனின் வாட்ஸ்அப்பிலிருந்தே, “தவறுதலாக உனக்கு ஒரு நம்பர் வந்துவிட்டது, அனுப்பு” என்று கேட்பார்கள். கேட்பவன் நண்பனல்ல, நண்பனின் கணக்கைப் பிடித்துக்கொண்ட கள்வன். அனுப்பினால் அடுத்து உங்கள் பெயரில் உங்கள் மாமனிடமும் சித்தப்பாவிடமும் கடன் கேட்பான். பறிபோனால், உங்கள் இலக்கத்தைக் கொண்டு வாட்ஸ்அப்பில் மீண்டும் நுழையுங்கள். புதிதாக வரும் எண்ணைப் போட்டதும் அவன் வெளியேற்றப்படுவான்.

பெரியோர்களே, உங்களிடம் ஒரு விண்ணப்பம். நம் பெண்பிள்ளைகளின் படத்தை வைத்து எவனாவது மிரட்டினால், அப்பிள்ளை முதலில் பயப்படுவது அவனுக்கல்ல, நமக்குத்தான். போனைப் பறித்து அடித்துவிடுவோம் என்று ஒளிக்கிறாள். அந்த மௌனமே மிரட்டுகிறவனின் முதல். அவள் சொல்ல வந்தால் முழுவதையும் கேளுங்கள், செய்திகளை அழிக்காமல் வையுங்கள், பணம் கொடுக்காதீர்கள். சிறுவர்க்கு 1929, பெண்களுக்கு 1938, கணினிக் குற்றங்களுக்கு 101, பொலிஸுக்கு 119. காம்பராச் சுவரில் எழுதி ஒட்டலாம். நாட்காட்டி தொங்கும் இடமே போதும்.

மழை, இடி விஷயம் நமக்குப் புதிதல்ல. மின்னும்போது சார்ஜில் போட்டபடி பேச வேண்டாம். ஆபத்து கம்பி வழியாக வருகிறது. 2025 நவம்பர் இறுதியில் டித்வா புயல் அடித்தபோது மலையகத்தில் பல இடங்களில் மின்சாரமும் தொலைபேசியும் ஒருங்கே அறுந்ததை மறந்திருக்கமாட்டீர்கள். மண்சரிவு எச்சரிக்கை கேட்டதுமே சார்ஜ் ஏற்றி, படம் பார்ப்பதை நிறுத்தி வையுங்கள். அனர்த்த முகாமைத்துவ நிலையத்துக்கு 117, இலவச அம்பியூலன்ஸுக்கு 1990. காதில் இயர்போனுடன் வளைவுச் சாலையில் நடக்கும் தம்பிமாருக்குப் பின்னால் வரும் கொழுந்து லொறி கேட்காது என்பதை மட்டும் சொல்லி விடுகிறேன்.

போனில் *#06# என்று அழுத்தினால் 15 இலக்கங்கள் தோன்றும். அதைக் கொப்பியில் குறித்து வைத்தால், தொலைந்தபோது பொலிஸ் முறைப்பாட்டில் கொடுக்க உதவும்.

கூட்டம் முடிந்ததும் நமது அங்கத்தினர் நால்வர் வாசலருகே மேசை போட்டு அமர்ந்திருப்பார்கள். வாட்ஸ்அப்புக்கு இரண்டாவது பூட்டு போட்டுத் தருவார்கள். அதற்குரிய இரகசிய எண்ணை நீங்களே அழுத்துங்கள். அப்போது அவர்கள் முகத்தை மறுபக்கம் திருப்பிக்கொள்வார்கள். அம்மாயியின் போன்தான் முதலாவது.