கருப்பையும் கூலியும்



இந்தத் திருப்புட்குழித் தாயார் வறுத்த பயறையும் முளைக்க வைப்பார் என்பது நம்பிக்கை. பிள்ளை வரம் கேட்கும் பெண்கள் பயறை மடியில் கட்டிக்கொண்டு படுப்பார்கள்; விடியும்போது முளைத்திருந்தால் கரு தங்கும் என்பார்கள். பிள்ளைக்காகக் கருப்பையை இவ்வளவு நினைக்கும் சமூகம், பெற்று முடித்ததும் அதை மறந்துவிடுகிறது. கருப்பைவாய்ப் புற்றுநோய் பெரும்பாலும் அந்த வயதில்தான் வருகிறது.

இதற்குக் காரணம் எச்.பி.வி. என்ற வைரஸ். அதைக் கண்டறிந்த ஹரால்டு சூர் ஹவுசன் 2008இல் நோபல் பரிசு பெற்றார். தொற்று புற்றாக மாறப் பொதுவாகப் பத்தாண்டுக்கு மேல் ஆகும். அதற்குள் கண்டால் தடுத்துவிடலாம். நீர்த்த அசெட்டிக் அமிலத்தைப் பஞ்சில் தொட்டுக் கருப்பைவாயில் தடவினால், மாறிய இடம் சில நிமிடங்களுக்குள் வெளுத்துத் தெரியும். பயிற்சி பெற்ற செவிலியரே செய்யலாம். 30 வயது கடந்தவர்களுக்கு அரசு சுகாதார நிலையத்தில் இலவசம்.

இருந்தும், 2019–21 தேசியக் குடும்பநல ஆய்வின்படி, தமிழ்நாட்டில் 30–49 வயதுப் பெண்களில் ஒருமுறையேனும் சோதித்துக்கொண்டவர்கள் 9.8 விழுக்காடுதான், இந்திய அளவில் 1.9. "பெண்களுக்கு விழிப்புணர்வு இல்லை" என்று சொல்லி முடித்துவிடுகிறார்கள்.

திண்டுக்கல் வேறு விடை சொல்கிறது. 2000இல் அம்மாவட்டத்தில் தொடங்கிய ஆய்வில் 49,311 பெண்களை அழைத்தார்கள். 31,343 பேர் வந்தார்கள். செவிலியரே சோதித்தார்கள், சிகிச்சையும் தந்தார்கள். அழைக்கப்பட்ட பகுதிகளில் இந்நோயால் இறப்பு 35 விழுக்காடு குறைந்தது என்று 2007இல் முடிவு வெளியானது. ஆனால் ஒப்பீட்டுக்காக வைத்திருந்த ஏறத்தாழ 31,000 பெண்களுக்கு அந்தச் சோதனை தரப்படவில்லை. அது அறமா என்ற கேள்வி பின்னர் எழுந்தது. நாமும் கேட்க வேண்டிய கேள்வி அது.

முறையாக அழைத்தால் பெண்கள் வருகிறார்கள். தடுப்பவை வேறு. நடவுக்கோ நூறு நாள் வேலைக்கோ போகாவிட்டால் அன்றைய கூலி போச்சு. மறைப்பில்லாத அறை. காலனிப் பெண் என்றதும் சுளிக்கும் முகம். வெள்ளைப்படுகிறது என்றால் நடத்தையைச் சந்தேகிக்கும் வீடு. முடிவை வாங்க இன்னொரு நாள் கூலி. புற்றுநோயால் மறைந்த அண்ணாவின் பெயரில் 1969இலிருந்து காஞ்சிபுரம் காரப்பேட்டையில் அரசு மருத்துவமனை இருக்கிறது. இவ்வளவு அருகில் இருந்தும் நம் பெண்கள் பலர் முற்றிய பிறகே அங்கே போய்ச் சேருகிறார்கள்.

1928இல் பம்பாய் சட்டமன்றத்தில் பேறுகால உதவி மசோதாவை ஆதரித்துப் பேசிய அம்பேத்கர், தாய்க்கு ஓய்வு தருவதன் சுமையில் அரசுக்கும் பங்கு உண்டு என்றார். பெண் உடலின் நலத்தைக் கூலியோடு சேர்த்துப் பார்த்த பார்வை அது. அந்த வழியில் நாம் கேட்போம்: சோதனை நாளுக்குக் கூலி, காலனிக்குள்ளேயே மாலை நேர முகாம், பெண் செவிலியர், மறைப்புள்ள அறை, முடிவை வீட்டுக்கே கொண்டுவந்து சொல்வது, மேல்சிகிச்சைக்கு வண்டி.

மாணவர்களே, இன்று வீட்டுக்குப் போனதும் அம்மாவிடமும் அத்தையிடமும் இதைப் பேசுங்கள். மாதவிலக்கு நின்ற பின்னும் இரத்தம் பட்டாலோ, உறவுக்குப் பின் பட்டாலோ, முகாமுக்காகக் காத்திருக்க வேண்டாம்; உடனே மருத்துவரிடம் அழைத்துப் போங்கள். கிராமசபையில் இந்த ஆறு கோரிக்கைகளையும் தீர்மானமாக்குங்கள்.